நிறைகுடமும் தளும்பும்!

"நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். மனிதர்களுடைய குணத்தைப் பற்றி இதைக்காட்டிலும் உண்மையான வாக்கு வேறு இல்லை. ஆனால், குடத்தைப் பற்றியே கேட்டால் விஷயம் வேறு. பூகம்பம் என்னும் பூதம் வந்து குடத்தைப் பிடித்து ஆட்டும்போது இந்தப் பழமொழி தலைகீழாகிவிடுகிறது. குறைகுடம் தப்பிப் பிழைக்கிறது; நிறைகுடந்தான் தளும்புகிறது, நசுங்குகிறது, உடைகிறது.

நாம் இங்கே குறிப்பிடுவது இடுப்பில் ஏறும் குடமல்ல. நகரத்து ஜனங்களுக்குக் குடிதண்ணீரும், ஆலைகளுக்கு எண்ணெயும், வண்டிகளுக்குப் பெட்ரோலும் சேமித்து வைக்கும் மாபெரும் எஃகுத் தொட்டிகளையே சொல்கிறோம். துறைமுகப் பட்டணங்களின் ஓரமாக ரயிலில் போகும்போது, வெள்ளை வர்ணம் பூசிய இந்தத் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். மலையே பெயர்ந்தாலும் இவை பெயரமாட்டா என்று தோன்றும். ஆயினும், அவற்றுள் மிகப் பல தரையோடு எவ்விதத்திலும் பிணைக்கப்படாதவை. ஆணி இல்லை, போல்ட் இல்லை. சமையலறையில் அம்மிக்கல் கிடப்பதுபோல், தம் சொந்தப் பாரத்தினாலேயே அவை தரைமேல் அமர்ந்திருக்கின்றன.

முட்டை ஓட்டினும் மெல்லிது

இப்படி அமர்த்துவதற்குக் காரணம் சிக்கனம். நடுத்தரமான ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 66 அடி. உயரம் 33 அடி. அதில் ஏறக்குறைய 31 லட்சம் லிட்டர் தண்ணீர் கொள்ளும். அந்தத் தண்ணீரின் எடை மட்டும் 3,100 டன். இவ்வளவு பாரம் மேலே அழுத்திக்கொண்டிருக்கும்போது தொட்டி எங்கே நகரப் போகிறது? மண்ணைக் கெட்டித்து, மணலும் சரளையும் பரப்பி, ஓரத்தில் வேண்டுமானால் வட்டமாக ஒரு காங்கிரீட் வளையம் போட்டு, அதன்மேல் தொட்டியைக் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணினார்கள். காற்றும் மழையும் மட்டுமே விரோதிகளாக இருக்கும் வரையில் அந்த எண்ணம் பெரும்பாலும் சரியே.

ஆனால், 3,100 டன் தண்ணீரைத் தாங்கும் அந்த எஃகின் எடை என்ன தெரியுமா? சுவர், அடித்தகடு, கூரை எல்லாம் சேர்ந்து சுமார் 60 டன்; அதாவது உள்ளே இருக்கும் பொருளின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. சுவரின் கனம், அடிப்பாகத்தில்கூட, கால் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். கோழி முட்டையின் ஓடு மெல்லியது என்கிறோம். முட்டையின் பருமனோடு ஓட்டின் கனத்தையும், தொட்டியின் அகலத்தோடு சுவரின் கனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தொட்டியின் சுவர் முட்டை ஓட்டைக்காட்டிலும் ஏறக்குறைய இருபது மடங்கு மெல்லியதாக இருக்கும்! தண்ணீர் உள்ளிருந்து சமமாக வெளியே தள்ளும்போது இந்த மெல்லிய சுவர் வெகு நன்றாகத் தாங்கும். மேலிருந்து ஒரு பக்கமாக நசுக்கினாலோ, அதன் கதி அதோகதிதான்.

அலாஸ்காவில் கண்ட யானைக்கால்

1964-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ம் தேதி, புனித வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்காவின் வடகோடியிலுள்ள அலாஸ்காவில் பூமி நாலரை நிமிஷ நேரம் ஆடிற்று. அதன் அளவு 9.2. கருவிகள் கொண்டு பூகம்பங்களை அளக்கத் தொடங்கிய பிறகு அதைக்காட்டிலும் பெரியது ஒன்றே ஒன்று, 1960-ம் வருஷம் சிலி தேசத்தில் நேர்ந்தது.

ஆங்கரேஜ் நகரத்திலும் மற்ற ஊர்களிலும் நின்ற எண்ணெய்த் தொட்டிகளை எஞ்ஜினீயர்கள் பிறகு சென்று பார்த்தார்கள். பல தொட்டிகளில் தரைக்குச் சற்று மேலே சுவர் சுற்றிலும் வெளியே பிதுங்கி, வீங்கிப் போயிருந்தது. நம் ஊர்ப் பக்கங்களில் யானைக்கால் வியாதி கண்டவரின் பாதத்தைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே தோற்றம். எஞ்ஜினீயர்களும் அதற்கு "யானைக்கால் வீக்கம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் அவர்களுடைய சாஸ்திரத்தில் அதுவே பெயர்.

இன்னொரு விஷயமும் அவர்கள் கண்டார்கள். நிரம்பியிருந்த தொட்டிகளே பெரும்பாலும் கெட்டிருந்தன. பாதிக்கும் குறைவாக எண்ணெய் இருந்த தொட்டிகள் அநேகமாகச் சேதமின்றி நின்றன. ஒரே மண், ஒரே ஆட்டம், ஒரே எஃகு. நிறைந்தது கெட்டது; குறைந்தது தப்பியது!

ஒரு தொட்டியில் இரண்டு ஜலம்

இதன் மர்மத்தை விளக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் ஹவுஸ்னர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த அவர், 1957-லும் 1963-லும் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு வெகு எளிய சித்திரத்தைத் தந்தார். தொட்டியில் இருப்பது ஒரே தண்ணீர்தான். ஆனால் பூமி ஆடும்போது அது இரண்டு தண்ணீராகப் பிரிந்து நடந்துகொள்கிறது என்றார்.

அடியிலுள்ள தண்ணீருக்கு ஒதுங்கிப் போக இடமில்லை. ஆகவே, அது உறைந்த கட்டிபோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சுவர் போகும் பக்கமெல்லாம் தானும் போகிறது. மேலேயுள்ள தண்ணீரோ சுவரைப் பொருட்படுத்துவதில்லை. அது தன் போக்கில், ஊஞ்சலைப்போல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாக ஆடுகிறது. முன்னது தொட்டியை இடிக்கிறது; பின்னது கூரையை முட்டுகிறது. தொட்டிக்கு வரும் ஆபத்தும் அதனால் இரண்டு வகை.

முதலாவதைப் பார்ப்போம். நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் பாதிக்கு மேற்பட்ட தண்ணீர் சுவரோடு ஒட்டி ஆடும். ஆயிரத்தைந்நூறு டன்னுக்கு மேற்பட்ட பாரம் பக்கவாட்டில் மோதினால், தொட்டி ஒரு பக்கமாகச் சாய முயல்கிறது. தரையோடு பிணைப்பு இல்லாதபடியால், ஒரு பக்கத்துச் சுவரின் அடி மண்ணை விட்டுச் சில அங்குலம் மேலே எழும்புகிறது. மெல்லிய அடித்தகடும் அதனுடன் கூடவே, பாயின் ஓரத்தைத் தூக்கினாற்போல் எழுகிறது. அதே கணத்தில் எதிர்ப்பக்கத்துச் சுவரின் சிறிய பாகம் ஒன்று, முழுச் சாய்வின் பாரத்தையும் தானே தாங்க வேண்டியிருக்கிறது. உள்ளிருந்து தண்ணீர் வெளியே தள்ளுகிறது. மேலிருந்து பாரம் கீழே நசுக்குகிறது. சுவரின் கடைசி விளிம்பை அடித்தகடு பிடித்துக்கொண்டிருப்பதால், அதற்குச் சற்று மேலே சுவர் பிதுங்குகிறது. அடுத்த கணம் பூமி மறு பக்கம் ஆடுகிறது. மறு பக்கமும் பிதுங்குகிறது. யானைக்கால் தயாராகிவிட்டது!

தொட்டி பாதி நிரம்பியிருந்தால், ஆடும் தண்ணீரும் குறைவு. அது தள்ளும் இடமும் தாழ்வு. இரண்டும் குறைவதால் தொட்டியைச் சாய்க்கும் சக்தி பாதியாவதில்லை. நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. குறைகுடம் தப்பிய ரகசியம் இதுதான்.

கட்டுண்டதும் கட்டற்றதும்

"அப்படியானால், தொட்டியைத் தரையோடு கட்டாமல் விட்டதுதானே பிசகு?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அவ்வளவு சுலபமானதல்ல.

1970-களில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில், ரே கிளஃப் என்னும் பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும், பூகம்பத்தைப்போலவே ஆடும் ஒரு மேடையின்மீது அலுமினியத் தொட்டிகளை வைத்துத் தண்ணீர் நிரப்பிச் சோதித்தார்கள். பிணைக்காத தொட்டி மேலெழுந்து அமருவதையும், அதன் வட்ட வடிவம் நெளிந்து கோணலாவதையும் கண்ணாலே கண்டார்கள். ஆராய்ச்சி வளர வளர ஓர் உண்மை தெளிவாயிற்று: தொட்டி சற்று எழும்புவதனால் அதற்கு நன்மையும் உண்டு. புயற்காற்றில் நாணல் வளைந்து கொடுப்பதுபோல், எழும்பும் தொட்டி பூமியின் வேகம் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொள்வதில்லை. அதற்கு மாறாக, மெல்லிய சுவரில் வலுவற்ற பிடிப்புகளை வைத்து ஆணியடித்து இறுக்கினால், ஆணி பிடுங்கிக்கொண்டு வரும்; அல்லது பிடித்த இடத்தில் சுவர் கிழியும். இரண்டும் நடந்திருக்கின்றன.

பின் எங்கேதான் பிசகு? தொட்டியின் அடியில் வந்து சேரும் குழாயைப் பாருங்கள். குழாய் தரையில் காங்கிரீட்டில் புதைந்து அசையாமல் கிடக்கிறது. தொட்டியோ எழும்பவும் நகரவும் சுதந்திரம் உள்ளது. இந்த இரண்டையும் விறைப்பான இரும்பினால் ஒன்றாகப் பற்றவைத்து விட்டார்கள்! தொட்டி ஆறு அங்குலம் எழுந்தால் குழாய் என்ன செய்யும்? முறியும், அல்லது தொட்டியின் சுவரையே பிய்த்துக்கொண்டு வரும். உலகத்தின் பல பாகங்களிலும் நேர்ந்த பூகம்பங்களில், நசுங்காமல் நிமிர்ந்து நின்ற தொட்டிகள் பல, இந்த ஒரு சிறு மூட்டு முறிந்ததனாலேயே உள்ளிருந்ததையெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டு வெறுமையாக நின்றிருக்கின்றன.

கட்டுண்டது கெடவில்லை, கட்டற்றதும் கெடவில்லை. கட்டற்றதையும் கட்டுண்டதையும் யோசனையின்றி இணைத்த இடமே கெட்டது. இந்தக் கட்டுரையில் நேயர்கள் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மெல்ல ஆடும் அலை

இனி, மேலே ஊஞ்சலாடும் தண்ணீரின் கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாளம் உண்டு. வீட்டு வாளியில் தண்ணீர் ஒரு முறை போய்த் திரும்ப அரை விநாடி ஆகும். நம்முடைய 66 அடித் தொட்டியில் ஏறக்குறைய 5 விநாடி. 260 அடி அகலமும் 65 அடி ஆழமும் கொண்ட பெரிய எண்ணெய்த் தொட்டியில் 11 விநாடி. உள்ளே இருப்பது தண்ணீரா எண்ணெயா என்பதைப் பற்றிக் கவலையில்லை. பாத்திரத்தின் அகலமும் ஆழமுமே தாளத்தை நிர்ணயிக்கின்றன.

ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு குழந்தைகூட உயர ஆட்டிவிடும். பூமியின் வேகமான அதிர்ச்சிகள் சீக்கிரம் தேய்ந்து போகின்றன. மெதுவான அலைகளோ வெகு தூரம் பிரயாணம் செய்கின்றன. 1950-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி, பாரத நாடு சுதந்திர தினம் கொண்டாடிய அன்று இரவு, அஸ்ஸாமில் 8.6 அளவுள்ள மகா பூகம்பம் நேர்ந்தது. அன்று ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே தேசத்தில், மலைகளுக்கிடையே புகுந்திருக்கும் கடற்கால்களின் நீர் எழுந்தும் தாழ்ந்தும் ஆடியது! அங்கே ஒரு மனிதரும் அதிர்ச்சியை உணரவில்லை. தண்ணீர் உணர்ந்தது.

கடற்கால் ஆடினால் காட்சி. எண்ணெய்த் தொட்டி ஆடினால் விபத்து. 1964-ம் வருஷம் ஜூன் 16-ம் தேதி, அலாஸ்கா பூகம்பத்துக்கு மூன்று மாதங்கூட ஆகவில்லை, ஜப்பானிலுள்ள நிகாட்டா நகரம் ஆடிற்று. அங்கே கச்சா எண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெயின் மீதே மிதக்கும் எஃகுக் கூரைகள் போட்டிருந்தார்கள். எண்ணெய் ஆவியாகாமல் காப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால், எண்ணெய் ஊஞ்சலாடியபோது கூரையும் ஆடிச் சுவரோடு மோதியது, எண்ணெய் வெளியே வழிந்தது, தீப்பிடித்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் அந்தத் தீ எரிந்தது. பக்கத்திலிருந்த குடிகளின் வீடுகளும் அதற்கு இரையாயின.

முப்பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு, 2003-ம் வருஷம் செப்டம்பர் 26-ம் தேதி, அதே ஜப்பானில் ஹொக்காய்டோத் தீவின் கடலோரத்தில் பூமி அதிர்ந்தது. அந்த இடத்திலிருந்து நூறு மைலுக்கு அப்பாலுள்ள டொமகொமாய் நகரில் கட்டிடங்களுக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நகரம் ஆழமான வண்டல் மண்மேல் அமைந்தது. வண்டல் மண் மெதுவான அலைகளைப் பெருக்கிக் கொடுத்தது. அங்கிருந்த 140 அடி அகலமுள்ள தொட்டிகளின் தாளம் 7 விநாடி. வந்த அலையின் தாளமும் ஏறக்குறைய அதுவே. உடனே ஒரு கச்சா எண்ணெய்த் தொட்டி தீப்பிடித்தது. அதை அணைத்தார்கள். ஆனால், இன்னொரு தொட்டியில் மிதந்த கூரை அமிழ்ந்துபோய், நாப்தா என்னும் எளிதில் பற்றும் எண்ணெய் வெட்டவெளியில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து 28-ம் தேதி அது பற்றிக்கொண்டு 44 மணி நேரம் எரிந்தது. பூகம்பம் போய்விட்டது என்று ஜனங்கள் மூச்சுவிட்ட பிறகு வந்த தீ அது!

தண்ணீர் வேண்டும் வேளை

பூமி ஆடி ஓய்ந்த பிறகு ஒரு நகரத்துக்கு முதலில் வேண்டியது என்ன? தண்ணீர். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர், தீயை அணைக்கத் தண்ணீர். 1906-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸான் பிரான்சிஸ்கோ நகரத்தை அழித்தது பெரும்பாலும் பூகம்பமல்ல. அதன் பின் மூன்று நாள் எரிந்த தீ. தண்ணீர்க் குழாய்கள் முறிந்து போனதால் தீயணைப்போர் கைகட்டி நிற்க நேர்ந்தது. 1999-ம் வருஷம் ஆகஸ்டு 17-ம் தேதி துருக்கியில் 17,000-க்கு மேற்பட்டவர்களைப் பலிகொண்ட பூகம்பத்தில், இஸ்மித் அருகேயுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாத் தொட்டிகள் பற்றிக்கொண்டன. ஸபன்ஜா ஏரியிலிருந்து ஆலைக்கு வரும் தண்ணீர்க் குழாய் சேதமாகிவிட்டது. ஆகாய விமானங்களைக் கொண்டு தீயை அடக்க முயன்றார்கள். தீ முற்றிலும் அடங்கப் பல நாள் ஆயிற்று.

எண்ணெய்த் தொட்டி கெட்டால் தீ வருகிறது. தண்ணீர்த் தொட்டி கெட்டால் தீயை அணைக்க வழியில்லாமல் போகிறது. இரண்டும் ஒரே நாளில் கெடுவதுதான் பூகம்பத்தின் கொடுமை.

பரிகாரம் என்ன?

பரிகாரங்கள் மனிதன் அறியாதவை அல்ல. அவற்றுட் பல பெருஞ் செலவு பிடிப்பவையும் அல்ல. குழாய் தொட்டியில் சேரும் இடத்தில் வளைந்து கொடுக்கும் இணைப்பை வைக்கலாம். தொட்டி எழுந்தாலும் நகர்ந்தாலும் குழாய் உடன் வரும். தொட்டியை விளிம்பு வரையில் நிரப்பாமல், அலை எழும்புவதற்கு மேலே இடம் விடலாம். ஒல்லியாய் உயரமாய்க் கட்டுவதைக்காட்டிலும் அகலமாய்க் குட்டையாய்க் கட்டினால் சாய்வது குறையும். சுவர் நிற்கும் ஓரத்தில் அடித்தகட்டைக் கனமாகப் போடலாம். உயரமான தொட்டியைத் தரையோடு கட்டியே தீரவேண்டுமென்றால், ஆணி அறுந்துபோகாமல் இழுபட்டு நீண்டு கொடுக்கும் வகையில் கட்டலாம். எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றி வரப்புப் போல் சுவர் எழுப்பினால், வழிந்தது ஊருக்குள் ஓடாது.

நம் தேசத்தில்

பிஹாரும் குவெட்டாவும் அஸ்ஸாமும் கண்ட நம் தேசம் பூகம்பத்துக்குப் புதிதல்ல. 1960-ம் வருஷம் ரூர்க்கியில் பேராசிரியர் ஜெய் கிருஷ்ணாவின் முயற்சியால் பூகம்ப எஞ்ஜினீயரிங்குக்கென்றே ஒரு கலாசாலை தோன்றியது. 1962-ல் பூகம்பத்தைத் தாங்கும் கட்டிடங்களுக்கான முதல் இந்திய விதிகள் வெளியாயின. ஆனால் 1984-ம் வருஷத்துப் பதிப்பில்கூட, கால்கள்மேல் நிற்கும் உயர்ந்த தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றிச் சிறிது சொல்லியிருந்ததே தவிர, தரைமேல் அமரும் தொட்டிகளைப் பற்றிப் பேச்சில்லை. மேலே ஊஞ்சலாடும் தண்ணீரைப் பற்றியும் பேச்சில்லை.

2001-ம் வருஷம் ஜனவரி 26-ம் தேதி, குடியரசு தினத்தன்று காலை, குஜராத்தில் கட்ச்சுப் பிரதேசம் ஆடிற்று. அந்தத் துயரத்திலிருந்து பிறந்த நற்காரியங்களில் ஒன்று, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் குஜராத் சர்க்காரின் பேரிடர் நிர்வாக ஸ்தாபனமும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட தொட்டிகளுக்கான வழிகாட்டி நூல். பிறகு 2014-ல் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம், நீர் தேக்கும் தொட்டிகளுக்கென்றே தனிப் பகுதி வகுத்தது. சுவரோடு ஒட்டும் ஜலமும், ஊஞ்சலாடும் ஜலமும் இப்போது நம் விதிகளில் இடம்பெற்றுவிட்டன. விதி எழுதுவது எளிது. எழுதிய விதியை மண்ணில் நிறைவேற்றுவதே தேசத் தொண்டு. விதிகள் வருமுன்பே கட்டப்பட்ட பழைய தொட்டிகளின் மூட்டுகளைச் சோதித்துப் பார்க்கும்படி நகரசபைகளைக் கேட்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள உரிமை.

அந்த வேலையை வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்றே மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். அங்கே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். அதுவும் பிணைக்கப்படாத தொட்டிதான். அதன் அடியிலும் ஒரு விறைப்பான குழாய் இருக்கும். அது நிற்கும் மேடை சமமாக இருக்கிறதா, ஓரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறதா, நகர்ந்தால் தடுக்க ஏதேனும் உண்டா, குழாய்க்குச் சற்று வளைந்து கொடுக்கும் இணைப்பு வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். இல்லாவிட்டால், அடுத்த முறை குழாய் வேலைக்காரர் வரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நிறைகுடம் தளும்பாது என்று சொன்ன பெரியோர், அதைத் தாங்கும் இடுப்பு அசையாமல் இருக்கும் என்று நம்பியே சொன்னார்கள். பூமித்தாயின் இடுப்பு சில சமயம் அசைகிறது. குடம் தளும்பினாலும் உடையாதபடி செய்துவைக்க வேண்டியது நம்முடைய பொறுப்பு.